ஓடத்துல ஏறின விதை

கிரேக்க நாட்டுலயும் ஒரு பெருவெள்ளக் கதை இருக்குங்க. மனுஷங்க பண்ற அக்கிரமம் தாங்காம ஜீயஸ் மழையைக் கொட்டிவிடுறான். டியூகாலியன்னு ஒருத்தன் மட்டும், அவங்க அப்பா புரோமிதியூஸ் முன்கூட்டியே சொன்னபடி பெரிய பெட்டி செஞ்சு, சாப்பாட்டுச் சாமானை ஏத்திக்கிட்டு, பொண்டாட்டி பிர்ராவோட உள்ள போயிடுறான். 9 நாள், 9 ராத்திரி மிதந்து பர்னாசஸ் மலையில ஒதுங்குறாங்க. அப்புறம் ரெண்டு பேரும் கல்லைப் பொறுக்கித் தலைக்குப் பின்னால வீச, அவன் போட்டது ஆம்பளையாவும் அவ போட்டது பொம்பளையாவும் எழுந்துச்சாம்.

படிச்சதும் எனக்கு வந்த கேள்வி இதுதான்: இத்தனை பேர் எழுந்தாங்களே, சோத்துக்கு எதை விதைச்சாங்க?

பாகவதத்துல இதுக்குப் பதில் இருக்கு. அதுல தப்பிக்கிற சத்தியவிரத ராஜா திராவிட தேசத்துக்காரர். கிருதமாலா ஆத்துல தண்ணி அள்ளுறப்ப கையில ஒரு மீன் வருது. கிருதமாலான்னா நம்ம வைகைதான்னு சொல்லுவாங்க. ஏழாம் நாள் வெள்ளம் வரும், ஓடம் அனுப்புறேன், ஏழு ரிஷிகளோட மூலிகை, விதை எல்லாத்தையும் ஏத்திக்கோன்னு மீன் சொல்லுது. கும்பகோணம் தலபுராணத்துலயும் பிரளயத்துல மிதந்து வந்த குடத்துல இருந்தது படைப்புக்கான விதைதான். கதை கட்டினவங்க பயிர் வச்சவங்களாத்தான் இருக்கணும்.

2015 நவம்பர் மழையை நெய்வேலி சுத்துவட்டாரத்துல யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சம்பா நடவு மொத்தமா தண்ணிக்குள்ள போச்சு. வடிஞ்ச பிறகு ஊர்ல வீட்டுக்கு வீடு கேட்டது, "விதை நெல்லு இருக்கா?" நாள் போயிட்டதால நீண்டகால ரகம் வேலைக்காகாது. எங்க பரண்ல ஒரு மூட்டை குறுகிய கால நெல்லு நனையாம கிடந்தது. சித்தப்பா வீட்டுல தரையில அடுக்கியிருந்தது மூட்டையோட முளைச்சுப் போச்சு. ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டோம்.

இப்ப பள்ளக்கால்ல சி.ஆர். 1009 சப்-1 போடுறேன். ஒடிசாவோட பழைய வெள்ள நெல்லு ஒண்ணுலேர்ந்து எடுத்த குணம் அதுல இருக்கு. மூழ்கினா வளர்றதை நிறுத்தி, இருக்கிற சத்தைச் செலவு பண்ணாம வச்சுக்கும். ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும், வடிஞ்சதும் துளிர்க்கும்.

நம்ம பக்கத்து மடுமுழுங்கியும் வெள்ளத்துக்கு நிக்கிற நெல்லுதான். யார்கிட்டயாவது விதை இருந்தா சொல்லுங்க. ஒரு மரக்கா போதும், அடுத்த வருஷம் ரெண்டு மரக்காவா திருப்பித் தர்றேன்.