மார்ச் மாத வயிற்றுவலி

பொதுத்தேர்வு நெருங்க நெருங்க எங்கள் பள்ளியில் வயிற்றுவலி கூடிவிடும். பிளஸ் டூ வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று, "மிஸ், வயித்தைக் கலக்குது" என்பாள். அடுத்தவளுக்குத் தலைவலி. பயமாக இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள், டாக்டரிடம் காட்டுவார்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரியவரும். ஆனாலும் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்கு வலி வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை வராது. அந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துத்தான் பெரியவர்கள் இதை நடிப்பு என்கிறார்கள். அதே ஞாயிற்றுக்கிழமையை வைத்துத்தான் நான் இதைப் பதற்றம் என்கிறேன்.

வலி நிஜமானது. விலங்கியல் ஆசிரியை என்பதால் இதைப் பாடமாகவே பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குக் கூடுகிறது, வயிறு கலங்குகிறது. மூச்சு வேகமாக வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் நுனி மரத்து, தலை சுற்றும். செத்துவிடுவோமோ என்று பிள்ளை நினைக்கும். அந்த நினைப்பே படபடப்பை இன்னும் ஏற்றும். இது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாக இறங்கிவிடும் என்று தெரிந்திருப்பதே அந்த வயதில் பெரிய துணை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் சீக்கிரம் இறங்கும்.

இந்தச் சமயத்தில் வீட்டில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்பது ஒன்று. அதைக் கேட்கும் பிள்ளைக்குப் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. "சரி கண்ணு, இன்னிக்கு லீவு போட்டுக்கோ" என்பது இன்னொன்று. பாசத்தில் வருவதுதான், ஆனால் என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்துவது இதுதான். வீட்டில் இருந்ததும் நிம்மதி வருகிறது. போகாததால்தான் தப்பித்தோம் என்று மூளை படித்துக்கொள்கிறது. மறுநாள் பள்ளி வாசல் இன்னும் பயமாகத் தெரிகிறது.

1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பீட்டர் என்ற அந்தப் பையனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் நடுக்கம். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார்கள். அவன் தாங்கும் அளவு பார்த்துப் பார்த்து அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான். பயத்துக்குப் படிப்படியாகப் பழக்கும் இன்றைய சிகிச்சைக்கு இது ஒரு தொடக்கம்.

வாய்மொழிக் கேள்விக்குப் பயந்து செய்முறைத் தேர்வே வேண்டாம் என்ற ஒரு மாணவியிடம் இதைத்தான் செய்து பார்த்தோம். முதலில் தோழியிடம் ஒரு கேள்விக்குப் பதில். பிறகு என்னிடம். பிறகு அவளுக்குப் பழக்கமில்லாத வேறோர் ஆசிரியரிடம். அவள் அம்மாவும் லீவு எழுதித் தருவதை நிறுத்தி, பள்ளி வாசல்வரை கூட வந்தார். தேர்வன்று அவள் கை சில்லிட்டுத்தான் இருந்தது. பதில் சொன்னாள்.

பிள்ளையைப் பழக்குவதோடு நம் வேலை முடிந்துவிடாது. பொதுத்தேர்வில் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. நல்ல முடிவு. அதே ஆண்டு மருத்துவப் படிப்புக்கான நுழைவுத்தேர்வாக நம் பிள்ளைகளுக்கு நீட் வந்து சேர்ந்தது. ரிசல்ட் அன்று "எவ்வளவு மார்க்?" என்று போன் செய்யும் சொந்தக்காரர்களுக்கு எந்த அரசாணையும் கிடையாது, அதை நாமேதான் நிறுத்த வேண்டும்.

மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், பள்ளிக்குப் போவதே நின்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு முறை சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். எங்கே போகிறோம், யாரிடம் பேசப்போகிறோம், எதற்காக என்பதைப் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிடுங்கள். தனக்குத் தெரியாமல் எடுக்கப்படும் எந்த முடிவும் பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பயம்.