சித்தப்பாவுக்கு: அந்த மெமரி காட்டை அழிக்க வேண்டாம்

அளவெட்டி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் கடைசியாக நீங்கள் சொன்னதுதான் மனதைவிட்டுப் போகுதில்லை: "பிள்ளை, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் பேசாமல் இருக்கப்போறன்." மெமரி காட்டில் உள்ள பழைய கசற் பதிவுகளைத் தயவுசெய்து அழிக்க வேண்டாம். பிளேயர் ஸ்கான் செய்து பாட்டுகளைத் தேடிக்கொண்டு போய் நடுவழியில் நிற்பதற்கு உங்கள் பதிவுகள் காரணமில்லை. போல்டர் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள், அநேகமாக எல்லாமே பாடும்.

ஸ்கான் செய்யும்போது பிளேயர் பாட்டைக் கேட்பதில்லை. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, அதற்குள் எழுதியிருக்கும் தலைப்பு, கலைஞர், தொகுப்பு, அட்டைப்படம் ஆகியவற்றை வாசித்து ஒரு பட்டியல் கட்டுகிறது. ஒரு கோப்பில் அந்த விபரம் பழுதாக இருந்தால் அங்கேயே திணறி நிற்கும். பிறகு வருவது ஒன்றும் பட்டியலில் ஏறாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் ஒரு கோப்பில்தான் கோளாறு.

முதல் வேலை, காட்டில் உள்ளதை அப்படியே கணினியில் ஒரு பிரதி எடுப்பது. முடிந்தால் வேறொரு டிஸ்கிலும் இன்னொன்று. அதன் பிறகு காட்டில் பாதிப் பாட்டுகளை மட்டும் விட்டு ஸ்கான் செய்யுங்கள். முடிந்துவிட்டால் பழுது மற்றப் பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஆயிரம் பாட்டு இருந்தாலும் பத்துத் தடவைக்குள் அந்த ஒன்று கையில் அகப்படும்.

எனக்குச் சந்தேகம் அட்டைப்படங்களில்தான். தம்பி கசற் உறைகளைப் போனில் படமெடுத்து அப்படியே பாட்டுக்குள் சேர்த்தான் என்றீர்கள். 12 மெகாபிக்சல் படத்தைத் திரையில் விரிக்க ஏறக்குறைய 36 மெகாபைட் நினைவகம் வேண்டும். சின்னப் பிளேயர்கள் பலவற்றில் அவ்வளவு இடமே இல்லை. படங்களை 500க்கு 500 அளவில் சாதாரண ஜேபெக்காகக் குறைத்தால் போதும். அவன் மக் கணினியில் இருந்து ஏற்றியிருந்தால் இன்னொன்றும் நடந்திருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்பொன்று ஒளிந்திருக்கும். பிளேயர் அதையும் பாட்டென்று நினைத்துத் திறக்கும், உள்ளே பாட்டு இராது. விண்டோஸ் கணினியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து, அவற்றை மட்டும் நீக்கச் சொல்லுங்கள்.

பாட்டுகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரிவது வேறு கதை. அது வைரஸ் இல்லை, பாமினி. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் பாமினி எழுத்துருவில்தானே தட்டச்சு செய்தோம். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் முறை, எழுத்துரு இல்லாத இடத்தில் உருவம் கழன்றுவிடும். அந்தப் பெயர்களை யுனிகோடுக்கு மாற்றவேண்டும். எம்.பி.3 டேக் என்ற செயலியில் ஐடி3 இன் 2.3 பதிப்பு, யுடிஎஃப்-16 என்று தெரிவுசெய்து சேமித்தால் பழைய பிளேயர்களும் பெரும்பாலும் வாசிக்கும். தமிழையே காட்டாத பிளேயர் என்றால் அதற்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த பிரதி ஒன்று ஏற்றலாம். மூலத்தில் தமிழ் இருக்கட்டும்.

ஸ்கான் ஒழுங்காக முடிந்தாலும் ஒரு குறை மிஞ்சும் சித்தப்பா, எனக்கு அதுதான் பெரிய விஷயம். நாதஸ்வர வித்துவான் ஒருவரையே பத்மநாதன், என். கே. பத்மநாதன், அளவெட்டி பத்மநாதன் என்று மூன்று விதமாக எழுதினால் பிளேயருக்கு அவர் மூன்று ஆள். ஒரு இடைவெளி கூடினாலும் வேறு ஆள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதவேண்டும். அதைவிட மோசம், கலைஞர் என்ற இடத்தில் நாதஸ்வரக்காரரை மட்டும் எழுதித் தவில்காரரை விட்டுவிடுவது. யாழ்ப்பாணத்துத் தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி 1975இல் காலமானபோது அவருக்கு 42 வயதுகூட நிறையவில்லை. தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் தேடி அழைத்த கை அது. அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். அப்படிப்பட்டவர் வாசித்த கச்சேரியிலும் அவர் பெயரைக் கோப்பில் எழுதாவிட்டால் தேடுகிறவனுக்கு அவர் இல்லை. ஆகவே தொகுப்பு என்ற இடத்தில் தவில் வாசித்தவர், கோயில், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். தலைப்பில் இராகம் வரட்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். போர்க்காலத்தில், 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். 1995 ஒக்டோபர் 30 போரால் ஊரோடு வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்டபோது கசற் பெட்டிகளைத் தூக்க ஒருவருக்கும் கை மிஞ்சவில்லை. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு கசற்றும் இருக்கவில்லை. நீங்கள் அதற்கு முன்னரே ரொறன்ரோவுக்குக் கொண்டுபோனவைதான் எங்கள் குடும்பத்தில் தப்பியவை. அவை இப்போது அந்தக் காட்டில் இருக்கின்றன.

தம்பியிடம் சொல்லி முழுப் பிரதியையும் எனக்கு அனுப்புங்கள். பெயர் தெரியாத பதிவுகளையும் விடவேண்டாம். தவில் யாருடையது என்று அடியைக் கேட்டே சொல்லக்கூடிய இரண்டொருவர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். போட்டுக் காட்டி, கேட்டு எழுதிவிடுவேன். அவர்களுக்கும் எண்பது தாண்டிவிட்டது. இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள் சித்தப்பா.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்