பெறுநர் இருக்கிறாரா?

ஸ்பேம் வடிகட்டும் ப்ராக்ஸியைப் பார்த்துக்கொள்பவர்கள் கூடினால், பேச்சு மெயிலின் உள்ளடக்கத்தைப் பற்றித்தான் போகும். எந்தச் சொல்லுக்கு எத்தனை மதிப்பெண், எந்த இணைப்பு சந்தேகத்துக்குரியது என்று. அதற்கும் முந்தைய ஒரு கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: இந்த மெயிலைப் பெற வேண்டியவர் நம்மிடம் இருக்கிறாரா?

மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்தார். அனுப்புநர் யார் என்று முதலில் வரும். அடுத்து 'ஆர்சிபிடி டூ' என்ற கட்டளையோடு பெறுநர் முகவரி. மெயிலின் ஒரு வரிகூட இன்னும் வந்திருக்காது. அந்த இடத்திலேயே 550, அதாவது 'ஏற்க முடியாது' என்று சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்தது. அதை விட்டுவிட்டு முழு மெயிலையும் வாங்கி 250, அதாவது 'சரி' என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நம் தலையில். கொண்டு சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. நம் தகவல் போய்ச் சேருவதோ ஒன்றுமறியாத யாரோ ஒருவருக்கு. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் இன்பாக்ஸை அப்படிப் பார்த்தேன். அவர்கள் அனுப்பவே அனுப்பாத மெயில்களுக்கு 'டெலிவரி ஃபெயில்டு' என்று பக்கம் பக்கமாகப் பதில்கள். அங்கே வேலை பார்த்த பெண், நடுவில் வாடிக்கையாளர் மெயில் ஏதும் சிக்கியிருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழித்துக்கொண்டிருந்தார். இதற்குப் பேக்ஸ்கேட்டர் என்று பெயர். இதை அனுப்பியவை ஸ்பேமர்களின் சர்வர்கள் அல்ல, நம்மைப் போன்றவர்கள் நடத்தும் சர்வர்கள்.

பெறுநர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே அறிய, பெயர்ப் பட்டியலை ப்ராக்ஸியிலேயே வைக்கலாம். ஆனால் திங்கட்கிழமை சேர்ந்தவர் பெயர் புதன்கிழமைதான் ஏறுமென்றால், இரண்டு நாள் அவருக்கு வருவதெல்லாம் திரும்பிப் போகும். உள்ளே இருக்கும் சர்வரையே அந்தந்த நேரத்தில் கேட்பது எனக்குப் பிடித்த வழி. அது எல்லாப் பெயருக்கும் தலையாட்டும் சர்வராக இல்லாமல் இருந்தால் போதும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை அமைத்தால், அது இப்படிக் கேட்டு, வந்த பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும். 'இல்லை' என்று பதில் வந்தாலும், நாம் மாற்றாதவரை அது வெளியே சொல்வது 450, அதாவது 'பிறகு வா'. அதன் பதிலை நம்பலாம் என்று நிச்சயமாகத் தெரிந்தபின் நாம்தான் அதை 550 ஆக்க வேண்டும். இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

'இல்லை' என்று சொன்னால் இருப்பவர்கள் யார் என்று ஸ்பேமருக்குத் தெரிந்துவிடும், எல்லாவற்றையும் வாங்கிச் சத்தமில்லாமல் தூக்கிப் போடுவதே மேல் என்பவர்கள் உண்டு. என்னால் ஏற்க முடியாது. பெயர்களை அடுக்கி முயல்பவனைத் தடுக்க வழி இருக்கிறது: போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமான அமைப்பில் 10 பிழைகளைத் தாண்டினால் பதிலைத் தாமதப்படுத்தும், 20-இல் தொடர்பையே துண்டிக்கும். தவறான முகவரிக்கு எழுதுபவர் ஸ்பேமர் மட்டுமல்ல: நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். செந்திலுக்கு 'எச்' உண்டா, முருகேசனுக்கு 'ஜி'யா 'கே'யா? ஓர் எழுத்து மாறிய வேலை விண்ணப்பத்தைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டால், அனுப்பிய பிள்ளை பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

550-க்குப் பின்னால் வரும் வாசகத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். 'இந்த முகவரி இங்கே இல்லை, எழுத்துகளைச் சரிபார்த்து மீண்டும் அனுப்பவும்' என்று நான் எழுதிவைப்பேன்.