விளக்கு எதற்குச் சாட்சி?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் தொழில் செய்யும் வக்கீலுக்கு 'எந்தக் கோர்ட்?' என்பதே முதல் தலைவலி. வீடு கேரளத்தில் இருக்கும், கடை தமிழ்நாட்டில் இருக்கும், ரசீது தமிழில் இருக்கும், விசாரணை மலையாளத்தில் நடக்கும். இந்த வழக்கும் அந்த ரகம்தான்.

கட்சிக்காரர் பாறசாலைக்காரர், விமானப் பொறியியல் இறுதியாண்டு மாணவர். களியக்காவிளையில் ப்ராஜெக்ட் செய்து கொடுக்கும் கடை ஒன்றில் 'கரண்ட் சென்சார்' மாடலுக்குப் பணம் கட்டியிருந்தார். விமானத்தின் வேகத்தை அறிய உதவும் பிட்டோ குழாயில் பனி உறையாதிருக்க ஹீட்டர் உண்டு. அதில் கரண்ட் ஓடினால் மட்டும் பச்சை விளக்கு எரிய வேண்டும். வைவாவில் வெளித்தேர்வாளர் ஹீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டார். விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர்மேல் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம்.

"கடை குமரி மாவட்டத்தில், நாகர்கோவிலுக்குப் போகட்டும்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். பழைய 1986 சட்டம் என்றால் அவர் வாதம் எடுபட்டிருக்கும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருவனந்தபுரம் மாவட்ட ஆணையம் ஆட்சேபத்தைத் தள்ளியது.

"சுவிட்ச் போட்டா லைட் எரியுதுல்லா சாரே, வேற என்ன வேணும்?" என்றார் கடைக்காரர். நிபுணர் கமிஷனராக வந்த பாலிடெக்னிக் ஆசிரியர் பெட்டியைத் திறந்து பார்த்தார். விளக்குக்கு ஒயர் சுவிட்சிலிருந்தே போயிருந்தது. சரியாகச் செய்யப் பெரிய செலவில்லை என்று அறிக்கையில் எழுதினார். கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட ரீட் சுவிட்ச் ஒன்று போதும். ஹீட்டருக்குப் போகும் தடித்த ஒயரையே அதன்மேல் 4 சுற்றுச் சுற்றினால், 10 ஆம்பியர் ஓடும்போது 40 ஆம்பியர்-சுற்றுக் காந்தவிசை கிடைக்கும். தகடுகள் ஒட்டி விளக்கு எரியும். ஹீட்டர் கம்பி அறுந்தால் காந்தவிசை போய் விளக்கும் அணைந்துவிடும்.

இது படிப்பு விஷயம் மட்டுமல்ல என்று காட்ட 1974 டிசம்பர் 1 விபத்தை எடுத்துச் சொன்னேன். பிட்டோ ஹீட்டரைப் போடாமல் கிளம்பிய நார்த்வெஸ்ட் போயிங் 727 தவறான வேகம் காட்டி நியூயார்க் மாநிலத்தில் விழுந்தது. அதிலிருந்த 3 பேரும் இறந்தனர். 1978-இல் அமெரிக்க விதி மாறியது. ஹீட்டர் சுவிட்ச் போடாவிட்டாலும், போட்டும் ஹீட்டர் வேலை செய்யாவிட்டாலும், விமானிக்கு எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். கடைக்காரரின் பெட்டி கோட்டைவிட்டது இந்த இரண்டாவதை. 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கண்டவனே வந்து சொல்ல வேண்டும் என்றது. சுவிட்சை நம்பி எரியும் விளக்கு கேள்விப்பட்டதைச் சொல்லும் சாட்சி என்று வாதிட்டேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் மடக்கினார்: "நீங்களே செய்ய வேண்டிய ப்ராஜெக்டை ஏன் விலைக்கு வாங்கினீர்கள்?" மாணவர் என் முகத்தைப் பார்த்தார். ஆட்சேபிக்க எனக்கு வழியில்லை.

கட்டிய பணத்தைத் திருப்பித் தர உத்தரவாயிற்று. மதிப்பெண் குறைந்ததற்குக் கேட்ட நஷ்டஈடு தள்ளுபடி. அப்பீல் போகலாமா என்று மாணவருடைய அப்பா கேட்டார். ஆணையம் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பணத்தில் ஒரு ரீட் சுவிட்ச் வாங்கிக் கொடுங்கள், மறுதேர்வுக்கு மகனே சுற்றட்டும் என்றேன்.