அப்பாவும் பாய்த்தோணியும்

ராசிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் பெரிய தண்ணீர் என்றால் ஆடிப்பெருக்கன்று காவிரி, அதை விட்டால் மேட்டூர் அணை. நான் கடலை முதலில் பார்த்தது 1968 டிசம்பரில், அரைப்பரீட்சை விடுமுறையில். எனக்கு அப்போது பதினோரு வயது.

அப்பா லாரி டிரைவர். வீட்டில் இருக்கும் நாட்களில் பாதி நேரம் தூங்குவார். "சத்தம் போடாதீங்க, அப்பா தூங்கறாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். அதனாலோ என்னவோ, அவரிடம் எனக்குப் பாசத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அந்த முறை தூத்துக்குடிக்கு வெங்காய லோடு. "பையனையும் கூட்டிட்டுப் போறேன், நாலு ஊரைப் பாக்கட்டும்" என்றார். தனுஷ்கோடியைப் புயல் அழித்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. "ஏனுங்க, கடலுக்குள்ள மட்டும் எறங்கிராதீங்க" என்று அம்மா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

கரூர், திண்டுக்கல், மதுரை, எட்டயபுரம் என்று இரவெல்லாம் ஓடி, விடிந்து வெகுநேரம் கழித்துத் துறைமுகம் சேர்ந்தோம். அங்கே தென்னந்தோப்பு மாதிரி வரிசையாகப் பாய்மரங்கள். எல்லாம் மரத்தால் கட்டிய தோணிகள். தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில்தான் நிற்கும். அவற்றுக்குச் சரக்கு கொண்டுபோனதும் தோணி, நேராகக் கொழும்புக்குப் போனதும் தோணி. கொழும்பு சுமார் 150 கடல் மைல். எஞ்சின் கிடையாது, காற்றுதான் எல்லாம். தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர்.

மூட்டைகளைக் கிட்டங்கியில் இறக்கி முடித்ததும் அப்பா சொன்னார்: "இத்தனை வருசமா மூட்டையப் போட்டுட்டுத் திரும்பிடறேன். அது எப்படிப் போகுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்லை. வா கண்ணு." நங்கூரம் போட்டு நின்ற தோணிக்குக் குடிதண்ணீர் கொண்டுபோன சின்னப் படகில் எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கிட்டப் போனபோது ஒரு தோணி புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் ஒரே குரலாகச் சத்தம் கொடுத்துக் கயிற்றை இழுக்க, பாய் மேலே ஏறியது. காற்றுப் பிடித்து வயிறு மாதிரி உப்பியது. அவ்வளவு பெரிய பாரம் ஒரு சத்தமும் இல்லாமல் நகர ஆரம்பித்தது. லாரி ஸ்டார்ட் ஆகும்போது தெருவே அதிருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது மாயம் போல இருந்தது.

அந்த நேரம் ஓர் அலை வந்து எங்கள் படகைத் தூக்கிப் போட்டது. என் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பினால் அப்பா! முகம் வெளுத்துப் போயிருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ராத்திரியில் முழு லோடோடு மலைப்பாதை இறங்குகிற மனுசன்!

"அண்ணாச்சி, அசையாம உக்காருங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் படகுக்காரர்.

கரையில் கால் வைத்ததும் அப்பா மெதுவாகச் சொன்னார்: "அம்மாகிட்டச் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்கு வந்தால் என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. என் பயம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

1974ல் புதிய துறைமுகம் வந்து கப்பல்கள் நேராகக் கரைக்கே வந்தன. பிறகு தோணிகளும் டீசல் எஞ்சினுக்கு மாறின. மாலத்தீவுக்கு இன்றைக்கும் தோணி போகிறது. ஆனால் பாய் விரித்துப் போகும் அந்தக் காட்சி போய்விட்டது.

1991ல் அப்பாவை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும்முன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் கையைப் பிடித்தார். அதே பிடி. எனக்கு என்ன தோன்றியதோ, "அண்ணாச்சி, அசையாமப் படுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். சிரித்துவிட்டார். "அம்மாகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா."

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

அம்மாவும் போய் ஆறு வருடம் ஆகிறது. இனி எழுதினால் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.