கையைச் சுட்டுக்கொண்டவர் யார்?

ராபர்ட்சன்பேட்டைக்கு அருகே, தங்கச் சுரங்கங்கள் அரைத்துத் தள்ளிய கழிவு மண் குன்றுகளாக நிற்கிறது. ஊரார் அதனைச் சயனைடு மேடு என்பர். 2018 டிசம்பரில் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ படத்துக்காக அங்கே அரங்கம் எழுப்பப்பட்டது. ‘படம் நன்றாக ஓடியது’ என்று இன்றும் சொல்வர். அத்தொடரில் எழுவாய் படம். பணம் போட்டவருக்கு இடமில்லை.

படம் நட்டமடைந்தாலோ தொடர் மாறிவிடுகிறது: ‘தயாரிப்பாளர் கையைச் சுட்டுக்கொண்டார்.’ இப்போது எழுவாய் மனிதர். நேர்ந்தது அவரே தேடிக்கொண்டது என்ற தீர்ப்பைக் ‘கொள்’ என்னும் துணைவினை வழங்கிவிடுகிறது. அடுத்தடுத்து வென்றவரையும் ‘கைராசிக்காரர்’ என்கிறோம். அங்கும் அவருடைய அறிவு கணக்கில் வருவதில்லை.

ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன் சில ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய் செலவிட்டு எடுத்த ‘சந்திரலேகா’ 1948 ஏப்ரலில் வெளிவந்தது. மக்கள் திரண்டு பார்த்தும், தமிழ்ப் பதிப்பின் வசூல் செலவை ஈடுகட்டவில்லை. அவர் இந்திப் பதிப்பையும் எடுத்து அதே டிசம்பரில் வெளியிட்டார். அது நாடெங்கும் வென்றது. ஏப்ரலோடு கணக்கை முடித்திருந்தால் அவர் ஊதாரி. டிசம்பரில் முடித்ததால் முன்னோடி. கணக்கை எந்த நாளில் முடிக்கிறோம் என்பதும் தீர்ப்பின் பகுதியே.

ஹாலிவுட்டில் 1980 நவம்பரில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் ‘ரேஜிங் புல்’, ‘ஹெவன்ஸ் கேட்’ ஆகிய இரு படங்களையும் ஒரே மாதத்தில் வெளியிட்டது. முன்னது இன்று செவ்வியல் படம். பின்னது பெருநட்டமாகி, தயாரிப்புப் பிரிவின் தலைவர் ஸ்டீவன் பாக் பதவியிழக்கக் காரணமாயிற்று. மறு ஆண்டில் நிறுவனமே கைமாறியது. வரலாறு அவர் பெயரோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பது இரண்டாம் படத்தை மட்டுமே.

தங்கவயலும் இத்தகைய சூதில் பிறந்த ஊர்தான். 1880களில் மைசூர்ச் சுரங்க நிறுவனத்தின் முதலில் பெரும்பகுதி கரைந்தபின், மிஞ்சியதையும் செலவழிக்கத் துணிந்தது ஜான் டெய்லர் நிர்வாகம். கேப்டன் பிளம்மர் பழைய குழிகளைத் தொடர்ந்து தோண்டிச் சாம்பியன் படிவத்தைக் கண்டார். அது அகப்படாதிருந்தால் அதே துணிவுக்குப் பிடிவாதம் என்று பெயர் கிடைத்திருக்கும்.

ஆகவே நிர்வாகியை மதிப்பிடுவோர் வசூலுக்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. முடிவெடுத்த நாளில் அவருக்குத் தெரிந்திருந்தது என்ன? எச்சரித்தோர் பேச்சைக் கேட்டாரா? ஒரு படத்தை வைத்துப் பேசுகிறோமா, பத்துப் படங்களை வைத்தா?

இன்னொரு கேள்வியும் உண்டு: பிழைத்தால் சுடுவது யார் கையை? தங்கத்தின் அளவு குறைந்து செலவு மிகுந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதுவரை அவற்றை நடத்தியவர்கள் எடுத்த முடிவுகளின் சரி தவறு இன்னும் விவாதப்பொருள். முடிவு எதிலும் பங்கில்லாத தொழிலாளரின் பிள்ளைகளோ விடியுமுன் எழுந்து, வேலைக்காக பெங்களூரு ரயிலைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்குச் ‘சுட்டுக்கொண்டார்கள்’ என்ற வினை பொருந்தாது.