மண்ணெண்ணெயும் தொண்ணூற்றைந்தும்

பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்குவதா விடுவதா என்பது வெளித்தோற்றத்திற் பணத்தைப் பற்றிய வினாவாகவே படும். கொக்குவிலிற் பிறந்து, கொழும்பில் வரைபடக் கலைஞராகத் தொழில் புரியும் நாற்பத்தொரு வயதினர் ஒருவருக்கு, 2025 ஆம் ஆண்டில் அது அவ்வளவு எளிதாக அமையவில்லை. அவர் விரும்பியது மிற்சுபிசி லான்சர் எவொலூசன் 9 என்னும் வண்டியை.

பார்வைக்கு அது குடும்பத்தினர் ஏறிச் செல்லும் நான்கு கதவு வண்டிதான். ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஓட்டிய சாதாரண லான்சரின் உடன்பிறப்பு. ஆயின் அதன் குருதி பந்தயக் குருதி. பின்லாந்து நாட்டவரான தொமி மக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக ரலிப் போட்டியில் வாகை சூடியது இவ்வரிசை வண்டிகளிலேயே. 2005 இல் வெளிவந்த ஒன்பதாம் வடிவம், 1997 கன சென்ரிமீற்றர் கொண்ட சிறிய இயந்திரத்திலிருந்து 280 குதிரைவலுவைப் பெற்று நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளித்தது. வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் ரேர்போ, காற்றை அழுத்தி உருளைகளுக்குள் திணிப்பதே இவ்வலுவின் இரகசியம். அவ்வழுத்தத்தைத் தாங்குதற்கு நல்ல பெற்றோல் வேண்டும். இந்நாட்டில் அது 95 ஒக்ரேன். மலிவான 92 அன்று. தரங்குறைந்த எரிபொருள் காலத்திற்கு முன் வெடித்தால் பிஸ்ரன்களே உடையக்கூடும்.

இச்செய்தியைக் கேட்ட தந்தையார் வினவியது ஒன்றே: “தம்பி, பெற்றோல் இல்லாட்டி இது என்னத்தைக் குடிக்கும்?”

வேடிக்கையாகக் கேட்கப்பட்ட வினாவன்று அது. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், அவர் ஒஸ்ரின் ஏ 40 ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார். வெண்புகை ஒழுங்கை முழுவதையும் மறைக்கும். அழுத்தவிகிதம் குறைந்த அப்பழைய இயந்திரம் அதனைச் சகித்துக்கொண்டது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பாட்டியாரையும் இரு அயல்வீட்டாரையும் தென்மராட்சிக்குச் சேர்த்ததும் அவ்வண்டியே. பின்னிருக்கையில் நெருக்குண்டிருந்த பதினொரு வயதுச் சிறுவன், நடந்து செல்வோரைக்கூட முந்த முடியாது ஊர்ந்த அவ்விரவில், வேகமாகப் போகும் வண்டியொன்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தானாம். விருப்பத்தின் வேரை இதற்கு அப்பால் தேடவேண்டியதில்லை.

கணக்கும் அவருக்கு விளங்காததன்று. 2022 யூனில் 95 ஒக்ரேன் லீற்றர் 550 ரூபாவை எட்டியதையும், பின்னர் கியூஆர் முறையில் வாரத்திற்கு 20 லீற்றரே கிடைத்ததையும் அவர் மறந்திலர். லீற்றருக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் ஓடும் இவ்வண்டிக்கு அது யாழ்ப்பாணத்திற்குப் பாதி வழிக்கும் போதாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீளத் தொடங்கியபோதும், இத்தகைய பழைய வண்டிகள் இனி வரப்போவதில்லை. இருப்பவற்றின் விலை இறங்கவுமில்லை. கேட்கப்பட்ட தொகை, ஊரில் இரண்டு பரப்புக் காணிக்கென அவர் சேர்த்து வைத்திருந்ததற்குச் சமம். மனைவி எதிர்த்துப் பேசவில்லை. அது காணிக் காசு என்பதை ஒருமுறை நினைவூட்டினார். அந்த ஒருமுறை போதியதாயிருந்தது.

கண் மருத்துவத்திற்காகக் கொழும்பு வந்திருந்த தந்தையாரும் வண்டியைப் பார்க்கச் சென்றார். சாதாரண லான்சருக்கு எவொலூசன் வேடம் புனைந்து விற்போரும் உளர் என்பதால், மகன் சட்டக இலக்கம் சி.ரி.9ஏ எனத் தொடங்குகின்றதா என நோக்கினார். முன்மூடியிற் காந்தத் துண்டை வைத்தார். ஒட்டவில்லை, அலுமினியந்தான். ஓடிய தூரம் 1,12,000 கிலோமீற்றர். ரைமிங் பெல்ற் மாற்றப்பட்டதென்றார் உரிமையாளர், பற்றுச்சீட்டு இல்லை. இவ்வியந்திரத்தில் அந்தப் பெல்ற் அறுந்தால் வால்வுகளும் பிஸ்ரன்களும் மோதி அழியும். பின்சக்கரங்களுக்கிடையே விசையைப் பங்கிடும் தொகுதியின் பம்பி துருப்பிடித்துப் பழுதாவதும் இவ்வண்டிகளில் அறியப்பட்ட குறை. வாங்கும் விலையோடு அதன் மூன்றிலொரு பங்கையேனும் கையில் வைத்திராதவன் இதற்கு உரியவனாகான் என மகன் ஏற்கெனவே கணித்திருந்தார்; அப்பங்கு அவரிடம் இருக்கவில்லை.

ஆயினும் சாவியைத் திருப்பியவுடன் எழுந்த அந்த ஒலி கணக்குகளைக் கலைத்துவிட்டது. முற்பணம் கொடுக்க அவர் கை சட்டைப்பைக்குச் சென்றது. அப்போது முதியவர் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “சூடாய்க் கிடக்கு. நாளைக்கு விடிய வருவம்” என்றார்.

மறுநாட் காலை ஆறு மணிக்கு, முன்னறிவித்தலின்றிச் சென்றனர். உரிமையாளர் முகம் சுளித்தாரெனினும் மறுக்கவில்லை. இரவு முழுவதும் குளிர்ந்திருந்த இயந்திரம் உயிர்பெற்றதும் நீலப்புகை கிளம்பி, நெடுநேரம் அடங்காது நின்றது. “ஒயில் எரியுது, தம்பி.” வேறெதுவும் அவர் சொல்லவில்லை. மகன் பழுதுபார்ப்புச் செலவைக் கழித்து ஒரு விலை கூறினார், உரிமையாளர் சிரித்தார், பேச்சு முடிந்தது.

அவ்விரவே தந்தையாரை ஊரிற் சேர்க்கும் பொருட்டு இருவரும் பேருந்தில் ஏறினர். வவுனியாவரை மகன் வாய் திறக்கவில்லை. முறிகண்டியிற் பேருந்து நின்றபோது முதியவர் இறங்கி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் சுருளொன்றுடன் திரும்பி வந்தார். அதில் பாதியை மகனின் கையிற் கொட்டியவாறே, “உதைவிட நல்லது ஒண்டு விலைக்கு வந்தா எனக்கும் சொல்லு” என்றார்.